"மேலும்" என்று எழுதும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்

குடிமைப் பணித் தேர்வுக்குத் தமிழில் எழுதத் தயாராகும் தம்பி தங்கைகளின் கட்டுரைகளை வாரந்தோறும் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். மெயின்ஸ் எனப்படும் முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு மட்டும் 250 மதிப்பெண். 3 மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் ஆயிரம் ஆயிரத்து இருநூறு சொற்கள். அவ்வளவு நீளத்துக்கு ஒரு வாதத்தைத் தொய்வில்லாமல் கொண்டுபோவது லேசான காரியம் இல்லை. தகவல் எல்லாரிடமும் இருக்கிறது, படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒரு வாக்கியத்திலிருந்து அடுத்த வாக்கியத்துக்குப் போகிற இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். அந்த இடத்தைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

"சென்னையின் தாகத்துக்குக் கடல்நீர் ஆலைகள் தீர்வா?" என்ற தலைப்புக்கு எனக்கு வந்த கட்டுரைகளில் இப்படித்தான் பத்திகள் இருக்கும்:

"சென்னையின் குடிநீர்த் தட்டுப்பாடு பெரிய பிரச்சினையாகும். மேலும், 2019ஆம் ஆண்டு ஏரிகள் வறண்டன. மேலும், மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் உள்ளன. ஆனால், இவற்றுக்கு மின்சாரம் அதிகம் தேவை. மேலும், 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எனவே, மழைநீர் சேகரிப்பே சிறந்த தீர்வாகும்."

ஆறு வாக்கியத்தில் ஒன்றுகூடத் தவறில்லை. இணைப்புச் சொல்லுக்கும் பஞ்சமில்லை: மூன்று "மேலும்", ஒரு "ஆனால்", ஒரு "எனவே". ஆனாலும் படித்து முடித்ததும் மனதில் எதுவும் நிற்பதில்லை. ஏன் என்று பாருங்கள். கடைசியில் வருகிற "எனவே" எதைப் பிடித்துக்கொண்டு வருகிறது? மழைநீர் சேகரிப்பு போதும் என்று முன்னால் உள்ள ஐந்து வாக்கியங்களில் எங்கேயும் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று நடுவில் இருக்கிறது. 2003ஆம் ஆண்டிலேயே சேகரிப்பைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள், அப்படியிருந்தும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டன. இந்த இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுதியவரின் முடிவுக்கு எதிராகவே அவை பேசுகின்றன. அந்த முரண்பாட்டை "மேலும்" என்ற சொல் மூடி மறைத்துவிட்டது. எழுதியவர் கண்ணுக்கே அது தெரியவில்லை.

இதனால்தான் "பத்திக்கு மூன்று இணைப்புச் சொல் போடுங்கள்" என்கிற ஆலோசனையை நான் ஏற்பதில்லை. இணைப்புச் சொல் இல்லாத உறவை உண்டாக்கித் தராது. முன்னதுக்கும் பின்னதுக்கும் என்ன உறவு என்பதை நீங்கள் முடிவு செய்திருந்தால் அதைக் காட்டிக்கொடுக்கும், அவ்வளவுதான். காரணமா, விளைவா, மறுப்பா, விட்டுக்கொடுப்பா, எடுத்துக்காட்டா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். சொல் தானாக வரும்.

எடுத்துவிட்டுப் படியுங்கள்

எழுதிய பத்தியில் இணைப்புச் சொற்களை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். எந்த இடத்தில் என்ன சொல் இருந்திருக்கும் என்று அவரால் ஊகிக்க முடிகிறதா? "மின்செலவு அதிகம். ____ ஆலைகளை மட்டும் நம்ப முடியாது." இங்கே யாரைக் கேட்டாலும் "அதனால்", "எனவே" என்பார்கள். உறவு ஏற்கெனவே இருக்கிறது, சொல் அதை உறுதிப்படுத்துகிறது. இப்போது இது: "மின்சாரம் அதிகம் தேவை. ____ 2003ஆம் ஆண்டு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது." ஒருவராலும் நிரப்ப முடியாது, ஏனென்றால் நிரப்ப ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் தேவைப்படுவது இன்னொரு வாக்கியம்.

"மேலும்" என்ற சொல்லில் இந்தச் சிக்கல் அதிகம் வருவதற்குக் காரணம் உண்டு. அது "இன்னொன்றும் இருக்கிறது" என்று மட்டுமே சொல்லும், அந்த இன்னொன்று எதற்காக இருக்கிறது என்று சொல்லாது. ஒரே முடிவுக்கு இரண்டாவது ஆதாரம் தருகிறீர்கள் என்றால் தாராளமாக எழுதலாம். வேறு எதற்கும் வேண்டாம். என்னிடம் வருபவர்களுக்கு முதல் மாதம் முழுக்க "மேலும்" எழுதத் தடை. இரண்டே வாரத்தில் கட்டுரை மாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் வேலை தெரியும்

நம் இணைப்புச் சொற்களில் ஒரு அழகு இருக்கிறது, அதைப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பெரும்பாலானவை "என்", "ஆ", "இரு" என்ற மூன்று வினைகளிலிருந்து பிறந்தவை. எனவே = என + ஏ. ஆகவே = ஆக + ஏ. எனினும் = எனின் + உம். ஆயினும் = ஆயின் + உம். இருப்பினும், இருந்தாலும் இரண்டும் "இரு". "ஆனால்" என்பதே "அப்படி ஆனால்" என்ற நிபந்தனைதான். ஒவ்வொரு இணைப்புச் சொல்லும் முந்தைய வாக்கியத்தைக் கையில் எடுத்து ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு நகர்கிறது. "என்" குடும்பம் "இப்படிச் சொன்னோம் அல்லவா, அப்படியானால்" என்று சொல்லப்பட்டதிலிருந்து கிளம்பும். "ஆ" குடும்பமும், "அதனால்" போன்ற "அது" குடும்பமும் "இப்படி ஆனதே, அதனால்" என்று நடந்ததிலிருந்து கிளம்பும்.

இன்றைக்கு யாரும் இந்த வேறுபாட்டைக் கறாராகப் பார்ப்பதில்லை, பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் வாதக் கட்டுரையில் அது நன்றாகக் கைகொடுக்கும். "பருவமழை பொய்த்தது, அதனால் ஏரிகள் வறண்டன." உலகத்தில் ஒன்று நடந்தது, அதன் விளைவாக இன்னொன்று நடந்தது. இங்கே "எனவே" போட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். "மழை ஒரு சில மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது, தேவையோ ஆண்டு முழுக்க இருக்கிறது. எனவே தேக்கி வைக்காமல் வழியில்லை." இது நடந்த கதை இல்லை, நீங்கள் எடுக்கிற முடிவு. "எனவே" இங்கேதான் இருக்க வேண்டும். ஒரு கட்டுரையில் "அதனால்" எத்தனை வேண்டுமானாலும் வரட்டும். "எனவே" நான்கைந்து இடங்களுக்கு மேல் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்: அத்தனை முடிவுகளுக்கும் ஆதாரம் கொடுத்திருக்கிறாரா?

"ஏனெனில்" என்பதையும் பிரித்துப் பாருங்கள். ஏன் எனில், அதாவது "ஏன் என்று கேட்டால்". படிப்பவரின் கேள்வியே அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தமிழில் காரணம் முன்னால் வருவதுதான் இயல்பு: "மின்செலவு அதிகம் என்பதால் ஆலைகளை மட்டும் நம்ப முடியாது." முடிவை முதலில் போட்டு, படிப்பவரை "அட, ஏன்?" என்று கேட்க வைத்து, அப்புறம் காரணம் சொல்ல வேண்டும் என்றால் "ஏனெனில்". அந்தக் கேள்வி எழாத இடத்தில் அதைப் போட்டால் சப்பென்று ஆகிவிடும்.

"மாறாக" என்பதை "ஆனால்" என்ற பொருளில் எழுதுகிறார்கள். அது வர வேண்டுமானால் முன்னால் ஒரு "அல்ல" அல்லது "இல்லை" இருக்க வேண்டும்: "சென்னையில் மழை குறைவு என்பது சரியல்ல, மாறாக, ஆண்டுக்கு ஏறத்தாழ 1400 மில்லிமீட்டர் பெய்கிறது." "மறுபுறம்" எழுதினால் "ஒருபுறம்" எங்கே என்று தேடுவேன். "இருந்தாலும் ஆனால்", "பெய்யாததால் எனவே" என்று இரண்டு முடிச்சுப் போடுவதும் அடிக்கடி வருகிறது, ஒன்று போதும். "அதாவது" எழுதத் தோன்றினால் முந்தைய வாக்கியத்தை ஒருமுறை பாருங்கள், அதையே தெளிவாக எழுதிவிட முடியலாம்.

"ஆனால்" எந்தப் பக்கம் சாய்கிறது

இதை நிதானமாகப் படியுங்கள். வாதக் கட்டுரையின் உயிரே இதில்தான் இருக்கிறது.

"கடல்நீர் ஆலைக்கு மின்செலவு அதிகம். ஆனால் மழை பொய்த்தாலும் அது தண்ணீர் தரும்."

"மழை பொய்த்தாலும் கடல்நீர் ஆலை தண்ணீர் தரும். ஆனால் அதற்கு மின்செலவு அதிகம்."

தகவல் ஒன்றே. முதலாவதைப் படிப்பவர் ஆலை வேண்டும் என்று நினைப்பார், இரண்டாவதைப் படிப்பவர் வேண்டாம் என்று நினைப்பார். "ஆனால்" என்பதற்குப் பின்னால் எது நிற்கிறதோ அதுதான் உங்கள் கட்சி. எதிர்த்தரப்பின் நியாயத்தை அறியாமல் பின்னால் வைத்து, தன் கட்சியைத் தானே தோற்கடித்தவர்கள் நிறைய பேர். நீங்கள் எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, ஒவ்வொரு "ஆனால்"-க்கும் பின்னால் உள்ளதை மட்டும் தனியாக எழுதிப் பாருங்கள். அவை எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் நிற்க வேண்டும். ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே போனால், நீங்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை என்று பொருள்.

விட்டுக்கொடுக்கும் பகுதியில் ஒரு "தான்" சேர்த்தால் இன்னும் சுத்தமாக இருக்கும். "மின்செலவு அதிகம்தான்." அந்தத் "தான்" வந்ததுமே அடுத்து ஒரு "ஆனால்" வரப்போகிறது என்று தமிழ்க் காதுக்குத் தெரிந்துவிடும். "ஆனால்" என்ற சொல்லையே விட்டுவிடலாம்: "மின்செலவு அதிகம்தான், மழை பொய்த்த ஆண்டில் வேறு வழி?" என்று எழுதினாலும் ஓட்டம் அறுவதில்லை.

ஒரு எழுத்துக்குள் இருக்கும் இணைப்பு

ஆங்கிலக் கட்டுரை வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வாக்கியத்தின் தொடக்கத்திலேயே இணைப்பைத் தேடுகிறோம். நம் மொழியில் பாதி இணைப்பு சொல்லின் வாலில் இருக்கிறது. இதைப் பாருங்கள்:

மழைநீர் சேகரிப்பு தேவை.
மழைநீர் சேகரிப்பும் தேவை.
மழைநீர் சேகரிப்பே தேவை.
மழைநீர் சேகரிப்பாவது தேவை.

முதலாவது வெறும் கூற்று. இரண்டாவதில் உள்ள "உம்", மற்றதும் தேவை என்று ஒப்புக்கொண்டுவிட்டது. மூன்றாவது மற்றதைத் தள்ளிவிட்டது. நான்காவது, மற்றது கிடைக்காது என்று தெரிந்து, இதையேனும் கொடு என்கிறது. நான்கு வெவ்வேறு கட்டுரைகள் இவை! தொல்காப்பியமும் நன்னூலும் "உம்" ஒன்றுக்கே எட்டுப் பொருள் சொல்கின்றன. எச்சம், எதிர்மறை, ஐயம், முற்று என்று பட்டியல் போகும். இலக்கண வகுப்பில் மனப்பாடம் செய்ததோடு மறந்துவிட்ட அந்தப் பட்டியல், வாதம் எழுதுபவருக்கு அன்றாடம் வேண்டிய ஒன்று. கட்டுரை முழுக்க "சேகரிப்பே தீர்வு" என்று எழுதிவிட்டு, முடிவில் "சேகரிப்பும் தேவை" என்று எழுதினால், ஒரே ஒரு எழுத்தில் கட்சி மாறிவிட்டீர்கள்.

"மற்றும்" பற்றியும் சொல்லிவிடுகிறேன். "புழல் மற்றும் செம்பரம்பாக்கம் ஏரிகள்" என்று எழுதுவதைவிட "புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள்" என்றோ "புழலும் செம்பரம்பாக்கமும்" என்றோ எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். இரண்டு வாக்கியங்களை "மற்றும்" போட்டு ஒட்டுவது மட்டும் கூடவே கூடாது.

வாலில் இணைப்பு இருப்பதன் இன்னொரு பலன், பெயரெச்சம். "2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. ஆனால் 2019ஆம் ஆண்டு தண்ணீர் இல்லாமல் தவித்தது" என்று எழுதலாம், பிழையில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: "2015 டிசம்பரில் வெள்ளத்தில் மூழ்கிய நகரம், 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்துக் குடித்தது." "ஆனால்" இல்லை. "மூழ்கிய" என்ற ஒரு சொல் இரண்டு ஆண்டுகளையும் ஒரே நகரத்தின் மேல் கட்டிவிட்டது, முரண் தானாகத் தெரிகிறது. வாரத்துக்கு ஒரு பத்தியையாவது இப்படி, இணைப்புச் சொல்லே இல்லாமல் எழுதிப் பழகுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. "சட்டம் வந்து, மக்கள் குழிகள் தோண்டி, நீர்மட்டம் உயர்ந்து, பராமரிப்பு குறைந்து, குழிகள் தூர்ந்து, மறுபடி தட்டுப்பாடு வந்தது" என்று வினையெச்சத்தைக் கோத்துக்கொண்டே போனால் ரயில் மாதிரி ஓடும், படிக்கவும் சுகமாக இருக்கும், ஆனால் எது எதற்குக் காரணம் என்று யாருக்கும் தெரியாது. "செய்து" என்ற வடிவம் முன்பின்னை நன்றாகக் காட்டும், காரணத்தை அரைகுறையாகத்தான் காட்டும், திருப்பத்தைக் காட்டவே காட்டாது. அந்த வாக்கியத்தில் திருப்பம் "நீர்மட்டம் உயர்ந்து" என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே முற்றுப்புள்ளி வைத்துவிட்டு "ஆனால் பராமரிப்பு குறைந்ததும்" என்று தொடங்குங்கள்.

எதிர்க்கேள்வியை நீங்களே கேளுங்கள்

வாதம் எழுதும் முறை நமக்குப் புதிதில்லை. பழைய உரையாசிரியர்களைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் சண்டைதான். "என்பாரும் உளர்" என்று எதிர்த்தரப்பை உள்ளே விடுவார்கள். "எனின்" என்று அதன் கேள்வியை முழுசாகக் கேட்பார்கள். "அற்றன்று" என்று மறுப்பார்கள். "என்னை?" (ஏன்?) என்று தாங்களே காரணம் கேட்டு விடை சொல்வார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை இதற்கு நல்ல பயிற்சி. சொற்கள் பழையவை, அந்த நடை இன்றைக்கும் அப்படியே செல்லும்: "... என்று சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் ... என்று கேட்கலாம். அது சரியல்ல. ஏனெனில் ..."

டீக்கடையில் இதையே நாம் தினமும் செய்கிறோம். "ஆலை வந்தா தண்ணி வரும்ங்கிறீங்க, சரி. கரண்ட் பில்லை யார் கட்டுறது?" அந்த "ங்கிறீங்க, சரி" எவ்வளவு அருமையான இணைப்பு! எதிராளி சொன்னதை அவர் வாயாலேயே எடுத்து, ஒப்புக்கொண்டு, அடுத்த அடி வைக்கிறது. நேரில் வாதாடும்போது யாரும் "மேலும்" என்று சொல்வதில்லை. எழுத உட்காரும் முன் தலைப்பைப் பற்றி நண்பர் ஒருவரோடு பத்து நிமிடம் சத்தமாக வாதாடுங்கள், எந்த இடத்தில் என்ன சொல்லித் திரும்பினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், அதை எழுத்து நடைக்கு மாற்றுங்கள்.

இப்போது அந்தப் பழைய பத்தியைத் திரும்ப எழுதலாம்:

"2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. மழைநீர் சேகரிப்பு 2003ஆம் ஆண்டிலேயே கட்டாயமாக்கப்பட்டிருந்தும் இந்த நிலை வந்தது என்றால், சேகரிப்பால் பயனில்லை என்றுதானே பொருள் என்று கேட்கலாம். அப்படிச் சொல்ல முடியாது. குழாயும் குழியும் இருந்தால் மட்டும் மழை மண்ணுக்குள் இறங்கிவிடாது. அவற்றைத் தூர்வாராமல் விட்டால் அது தெருவில் ஓடிக் கடலுக்கே போகும். அந்தக் கடலிலிருந்து நீரை எடுத்து உப்பு நீக்குகின்றன மீஞ்சூர், நெம்மேலி ஆலைகள். மழையை நம்பி இருக்க வேண்டாம் என்பது அவற்றின் பெரிய பலம்தான். ஆனால் ஒவ்வொரு லிட்டருக்கும் மின்சாரம் செலவாகிறது. எனவே அடுத்த ஆலையைப் பற்றிப் பேசும் முன், ஏற்கெனவே உள்ள சேகரிப்பு அமைப்புகளைத் தூர்வாருவதுதான் முறை."

எண்ணிப் பாருங்கள், வாக்கியத் தொடக்கத்தில் இருப்பவை ஒரு "ஆனால்", ஒரு "எனவே", அவ்வளவுதான். மற்றதெல்லாம் "இருந்தும்", "என்றால்", "தான்", "அந்தக் கடலிலிருந்து" என்று உள்ளே இருக்கின்றன. முந்தைய வாக்கியம் "கடலுக்கே போகும்" என்று முடிந்தது, அடுத்தது "அந்தக் கடலிலிருந்து" என்று தொடங்குகிறது. அந்தாதி தெரிந்த நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிக்கடி செய்தால் செயற்கையாகத் தெரியும், ஒரு பக்கத்துக்கு ஒரு முறை போதும்.

பத்திக்கும் பத்திக்கும்

வாக்கியங்களைச் சரிசெய்த பிறகும் கட்டுரை துண்டு துண்டாக இருந்தால், பத்திகளின் வரிசையில் கோளாறு. பரிமேலழகர் திருக்குறள் அதிகாரங்களுக்கு உரை எழுதும்போது, இந்த அதிகாரம் ஏன் இதற்குப் பின்னால் வைக்கப்பட்டது என்று சொல்லிக்கொண்டே போவார். அதற்கு "அதிகார முறைமை" என்று பெயர். கடவுள் வாழ்த்துக்குப் பின் வான்சிறப்பு ஏன்? கடவுளின் ஆணையால் உலகமும் அறம் பொருள் இன்பமும் நடப்பதற்கு மழை காரணமாக இருப்பதால். ஒரே வாக்கியத்தில் முறைமை முடிந்துவிட்டது.

உங்கள் கட்டுரைக்கும் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் "இது ஏன் அதற்குப் பின்னால்?" என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வந்தால் அந்த வரியையே கொஞ்சம் மெருகேற்றிப் பத்தியின் முதல் வாக்கியமாக வைத்துக்கொள்ளலாம், "அடுத்ததாக", "இறுதியாக" என்ற சொற்களுக்கு வேலையே இருக்காது. எழுத வரவில்லை என்றால் பத்தியை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். நன்றாகப் படித்துத் தயார் செய்த ஒருவர், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022ஆம் ஆண்டு ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்ததைப் பற்றி அருமையான பத்தி ஒன்று எழுதியிருந்தார். அதைக் கடல்நீர் ஆலைக்கும் மின்கட்டணத்துக்கும் நடுவில் வைத்திருந்தார். முறைமை எழுதச் சொன்னேன், அரைமணி நேரம் யோசித்தும் வரவில்லை. வெள்ளநீரைத் தேக்கும் இடங்களைப் பற்றிய பகுதிக்கு அதை நகர்த்தியதும் ஒரே நிமிடத்தில் வந்துவிட்டது: "மழையை வீட்டுக்கு வீடு பிடித்தால் போதாது, ஊருக்குப் பொதுவாகப் பிடித்து வைக்கும் இடங்களும் வேண்டும்."

தேர்வு அறையில் இதற்கெல்லாம் நேரம் இருக்குமா என்று கேட்பீர்கள். எழுதத் தொடங்கும் முன் பத்து நிமிடம் முறைமைக்கு ஒதுக்குங்கள். விடைத்தாளின் கடைசிப் பக்கத்தில் ஏழெட்டு வரி. முடித்த பிறகு மிச்சமிருக்கும் ஐந்து நிமிடத்தில் முழுக் கட்டுரையையும் படிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. "எனவே" வருகிற இடங்களை மட்டும் தேடிப் போய், ஒவ்வொன்றுக்கும் முன்னால் உள்ள இரண்டு வரியைப் படியுங்கள். அந்த முடிவுக்கு அவை போதவில்லை என்றால் "எனவே"யை அடித்துவிட்டு "அதனால்தான் இப்படி நினைக்கத் தோன்றுகிறது" என்று தணித்து எழுதுங்கள், அல்லது விட்டுப்போன காரணத்தை மேலே இடுக்கில் எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள்.